தீவிலே பாசறை அமைத்த பேடன் பவல்

தீவகத்திற் பிறந்தவர்க்குப் பயணமென்றால் அது பெரும்பாலும் கடற்பயணமே. நயினை நாகபூசணி அம்பாளின் ஆனிப் பெருவிழாவிற்குச் செல்லும் அடியார்களும், நெடுந்தீவிலுள்ள உறவினர் வீட்டு நன்மை தீமைகளுக்குச் செல்வோரும், ஊர்காவற்றுறையிலிருந்து பாதையில் ஏறிக் காரைநகருக்குக் கடப்போரும் நீரை நம்பியே போய் வருகின்றனர். இவற்றோடு, பாடசாலைகளும் இளைஞர் சங்கங்களும் பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்துக்கொண்டு நெடுந்தீவின் ஒல்லாந்தர் கோட்டையையும், மட்டக் குதிரைகளையும், பெருக்கு மரத்தையும் காட்டி வருவதும் நெடுநாளைய வழக்கமாகும். கூட்டிச் செல்வது எளிது. போன தொகை குறையாமல் வீடு கொண்டு வந்து சேர்ப்பதே கடினம்.

இதனை நாம் ஏட்டிலே கற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில் 26 பிள்ளைகளை நெடுந்தீவுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். பொறுப்பாளர் நால்வர். திரும்பும் வேளையிலே துறையில் நின்று தலைகளை எண்ணினோம், 25 வந்தது. ஐயுற்று மறுபடி எண்ணினோம், 26 வந்தது. மனம் ஆறிப் படகில் ஏறினோம். கயிற்றை அவிழ்க்கும் தறுவாயில் ஒரு சிறுவன் தன் தமையனைக் காணவில்லையென்று அழத் தொடங்கினான். இரண்டாம் முறை எண்ணியவர் தம்மையும் சேர்த்து எண்ணிவிட்டார்! ஒரு மணி நேரம் ஓடித் தேடிய பின்னரே, பெருக்கு மரத்துப் பொந்தினுள்ளே அப் பிள்ளை அயர்ந்து உறங்கக் கண்டோம். அதற்குள் சோழகம் பலத்துவிட்டது. குறிகட்டுவானை அடைந்தபோது எல்லோரும் தோய்ந்திருந்தோம். சிறியோர் சிலர் பேச்சற்றுப் போயிருந்தனர். பெற்றோர் எம்மை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எமக்குப் பெருந் தண்டனையாயிற்று.

அன்றிரவு நாம் நால்வரும் கூடியிருந்து ஆராய்ந்தபோது ஒன்று புலப்பட்டது. நால்வரும் 26 பேருக்கும் பொறுப்பு என்றிருந்தமையால், எந்தப் பிள்ளையும் எவருடைய பிள்ளையாகவும் இருக்கவில்லை. இக் குறையை ஆராய்ந்து வழி கண்டவர் யாரேனும் உளரோ என்று தேடப் புகுந்தபோதுதான், சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் என்பாரின் வாழ்க்கை எம் கைக்கு வந்தது. அவர் ஆங்கிலேயர், படைத்தலைவர், எம்மை ஆண்ட அரசின் ஊழியர். அவர் கதை எமக்கு எதற்கென்று பெரியோர் சிலர் கேட்கலாம். அவர்பாற் குறைகளும் உண்டு. அவற்றையும் மறையாது சொல்வோம்.

றொபேட் பேடன் பவல் 1857 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 இல் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் கேத்திர கணிதப் பேராசிரியர். மகனுக்கு மூன்று வயதாகியபோது, 1860 இல், அவர் காலமானார். பல பிள்ளைகளையும் தாயார் ஒருவராகவே வளர்த்தெடுத்தார். மூத்த தமையன் வோறிங்ரன் கப்பற் பயிற்சி பெற்றவர். விடுமுறை வந்தால் சகோதரர்கள் பாய்ப்படகேறிக் கரையோரமாகச் சென்று வருவர். படகில் வோறிங்ரன் சொல்லே சட்டம். தம்பிமார்க்கு எடுபிடி வேலை. காற்று மாறும் வேளையில் ஒருவன் கட்டளையிடவும் மற்றையோர் மறுசொல்லின்றிச் செய்யவும் வேண்டுமென்பதை இளைய றொபேட் அங்கேதான் கண்டார். எங்கள் தீவுகளில் தந்தையோடு தொழிலுக்குப் போகும் பிள்ளைக்கு இது புதிய பாடமன்று.

சார்ட்டர்ஹவுஸ் என்னும் பாடசாலையிற் படித்தபோது, அருகிருந்த சிறு காட்டிலே ஆசிரியர் கண்ணிற் படாமல் ஒளிந்து திரிவதும், முயல் பிடித்துப் புகையெழாமல் நெருப்பு மூட்டிச் சமைப்பதும் அவர் பொழுதுபோக்கு. படிப்பிலே பெரும் பெயர் எடுத்தாரல்லர். ஆயினும் 1876 இல் நடந்த படைச் சேவைப் பரீட்சையில் குதிரைப் படைப் பிரிவுக்கு இரண்டாமவராகத் தேறி, 13 ஆம் ஹுசார் படையில் அதிகாரியாகி, அவ்வாண்டே இந்தியாவிலே லக்னோ நகருக்கு வந்து சேர்ந்தார்.

இந்தியாவில் அவர் கற்றது கண்ணால் பார்க்கும் கல்வி. மிதிபட்ட புல், கலைந்த மணல், திசை மாறிப் பறக்கும் பறவை ஆகியவற்றிலிருந்து முன்னே போனவர் எவர், எப்போது போனார் என்று கண்டறிவதைப் பழகினார். ஆபிரிக்காவின் தென்பகுதியில் 1896 இல் மற்றபெலே மக்களை எதிர்த்து நடந்த போரின்போது, அமெரிக்கரான பேர்ணம் என்ற வேவுகாரரோடு மற்றோப்போ மலைகளில் திரிந்து அக் கலையை மேலும் விருத்தி செய்துகொண்டார். பின்பு 1897 இல் மீரத் நகரிலிருந்த 5 ஆம் டிரகூன் காவற்படைக்குத் தலைவரானார். இங்கேதான் எமக்கு வேண்டிய செய்தி தொடங்குகிறது. வேவுப் பயிற்சிக்குப் பெருங் கூட்டமாக வீரரை நடத்துவதில் பயனில்லையென்று கண்டு, சிறுசிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒருவரிடம் ஒப்படைத்தார். பயிற்சியில் தேறியவர்க்கு ஒரு சின்னமும் கொடுத்தார். சிறிய குழுவில் ஒருவன் பின்தங்கினால் உடனே தெரியும். ஒருவன் சோர்ந்தால் அடுத்தவன் அறிவான். இவ்வனுபவங்களைத் தொகுத்து வேவுத் துணை நூலொன்றைப் படைவீரர்க்காக எழுதினார். அது 1899 இல் வெளிவந்தது.

அவ்வாண்டு ஒக்டோபரில் போவர் யுத்தம் மூண்டது. மவேக்கிங் என்னும் சிற்றூரிலே முற்றுகைக்குள் அகப்பட்ட அவர், 217 நாள் அதனைக் காத்து நின்று, 1900 மே மாதம் விடுவிக்கப்பட்டார். பிரித்தானியாவெங்கும் அவர் பெயர் வீட்டுப் பெயராயிற்று. அம் முற்றுகைக் காலத்தில் ஊர்க் கறுப்பின மக்கள் உணவின்றி மிக வருந்தினர் என்பதையும், அப் பழியில் அவர்க்குரிய பங்கு பற்றி வரலாற்றாசிரியர் பிற்காலத்தில் வாதிட்டனர் என்பதையும் இங்கே சொல்லவே வேண்டும். அதே முற்றுகையில் அவ்வூர்ச் சிறுவர்களை ஓர் அணியாகச் சேர்த்துச் செய்தி கொண்டு செல்லவும் காவல் நிற்கவும் பழக்கினர். பொறுப்பைக் கொடுத்தால் சிறுவன் அதற்கேற்ப உயர்கிறான் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் அங்கே ஊன்றியது.

ஊர் திரும்பியபோது தாம் படைவீரர்க்கு எழுதிய நூலை ஆசிரியர்களும் சிறுவர்களும் வாங்கிப் படிப்பதைக் கண்டார். அதைச் சிறுவர்க்கேற்ப எழுத வேண்டுமென்று எண்ணினார். எழுதுமுன் தம் எண்ணம் நடைமுறைக்கு ஒத்து வருமோ என்று சோதித்துப் பார்க்க விரும்பினார். இந்த ஒன்றுக்காகவே அவரை மதிக்கலாம் என்போம். எழுதிவிட்டுப் பின்னர் சோதிப்போரும், சோதியாமலே எழுதுவோரும் உலகில் அதிகம்.

சோதனைக்கு அவர் தேர்ந்தது ஒரு தீவு! இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகத்தினுள்ளே கிடக்கும் பிரௌன்சி என்னும் சிறு தீவு. இளமையிலே சகோதரரோடு படகேறி வந்து பார்த்திருந்த இடம் அது. 1907 ஆகஸ்ட் முதலாந் தேதி அங்கே பாசறை தொடங்கிற்று. சேர்ந்த சிறுவர் ஏறக்குறைய 20 பேர். பாதிப்பேர் செல்வந்தர் படிக்கும் பாடசாலைகளிலிருந்தும், பாதிப்பேர் பூல், போண்மத் நகரங்களின் உழைப்பாளர் குடும்பங்களிலிருந்தும் வந்தனர். முன்னவரிடம் ஒரு பவுணும், பின்னவரிடம் மூன்றரை ஷிலிங்கும் கட்டணம் வாங்கப்பட்டது. பாசறையிலே இரு சாராரும் ஒரே உணவை உண்டு ஒரே கூடாரத்தில் உறங்கினர். சாதியும் செல்வமும் பார்த்துப் பந்தி பிரித்த எம் சமுதாயத்தார் இதனை ஒருமுறைக்கு இருமுறை வாசித்தால் நன்று.

பயணத்திற்கு முன் அவர் செய்தவையே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன. பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். என்ன நடக்கும், எப்படி நடக்கும் என்று விளக்கினார். வருமுன்னரே சில முடிச்சுக்களைக் கட்டக் கற்று வரவேண்டுமென்று சிறுவர்க்குச் சொல்லியனுப்பினார். தமக்குத் துணையாக அனுபவமுடைய பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டார். கரைகாவற் பிரிவைச் சேர்ந்த ஒருவரும் வந்து உயிர் காக்கும் முறைகளைக் கற்பித்தார்.

பின்பு சிறுவரை நான்கு அணிகளாக வகுத்தார்: ஓநாய், எருது, காகம், நீண்டு வளைந்த மூக்குடைய கேர்ளியு என்னும் கடற்கரைப் பறவை. (இப் பறவையினம் குளிர் காலத்தில் எம் தீவகக் களப்புக்களுக்கும் வந்து மேய்கிறது, பார்த்தவர்கள் அறிவர்.) ஓநாய்க்கு நீலம், எருதுக்குப் பச்சை, காகத்திற்குச் சிவப்பு, கேர்ளியுக்கு மஞ்சள் என்று தோளிலே நிற நாடா அணிவித்தார். தூரத்தே வரும் பிள்ளையை முகம் தெரியாமலே எந்த அணியினன் என்று அறியலாம். ஒவ்வோர் அணிக்கும் சிறுவருள் மூத்த ஒருவனே தலைவன். தன் அணியினர் எங்கே, எப்படி இருக்கின்றனர் என்பதற்கு அவனே பதில் சொல்லவேண்டும். பெரியவர் நான்கு தலைவரைக் கேட்டால் போதும். இருபது பேரையும் துரத்தித் திரியத் தேவையில்லை. நாம் நெடுந்தீவுத் துறையில் நின்று அங்கலாய்த்த கணக்கு இதுதான்.

நாளொழுங்கும் கவனிக்கத் தக்கது. முதல் நாள் மாலை நெருப்பைச் சுற்றியிருந்து மறுநாட் பாடத்தைக் கதையாகச் சொல்வார். காலையில் அதனைச் செய்து பார்ப்பர். மாலையில் அதுவே விளையாட்டாகும். நண்பகல் உணவின் பின் கட்டாய ஓய்வு. களைத்த பிள்ளையே காலிடறி விழுவான், களைத்த தலைவனே எண்ணிக்கை பிழைப்பான் என்பது பட்டவர்க்குத் தெரியும். இரவிலே ஓர் அணி முறைவைத்துக் காவல் நிற்கும். பேடன் பவல் இருளில் ஊர்ந்து சென்று காவலர் விழித்திருக்கின்றனரோ என்று பார்ப்பார். சிறுவர் அவரைப் பிடித்துவிட்டால் அவர்க்கு அளவிலாத மகிழ்ச்சி.

பாசறை ஒரு குறையுமின்றி முடிந்தது. 1908 ஜனவரி முதல் சிறுவர்க்கான அவர் நூல் ஆறு பகுதிகளாக வெளிவந்தது. அவர் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. வேறு சங்கங்கள் பயன்படுத்துவதற்கென்று எழுதிய நூலை வாங்கிய சிறுவர்கள், எவரையும் கேளாமல் தாமே அணி சேர்த்துக்கொண்டு, தம்மை நடத்தும்படி பெரியவர்களைத் தேடலாயினர். 1909 இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் ஏறக்குறைய 11,000 சிறுவர் கூடினர். அழையாமலே சீருடையோடு சில சிறுமியரும் வந்து நின்றனர். அவர்க்கென மறு ஆண்டு தனி இயக்கம் தோன்றியது. கடற்சாரணர் பிரிவும் 1909 இல் தொடங்கிற்று. அதற்கு நூல் எழுதியவர் பழைய படகுத் தலைவரான தமையன் வோறிங்ரன். இலங்கையிலே 1912 இல் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் சாரணர் இயக்கம் தொடங்கியது.

இவ்வளவு விரைந்து வளர்ந்த இயக்கத்தில் ஒரு வெற்றிடமும் கூடவே வளர்ந்தது. சிறுவர் பல்லாயிரம், அவரை நடத்தக் கற்ற பெரியவர் மிகச் சிலர். நல்லெண்ணம் உடையோர் பலர் முன்வந்தனர். ஆனால் நல்லெண்ணம் காற்றையும் நீரோட்டத்தையும் அறியாதே!

இலண்டனின் தென்பகுதியான வோல்வேத்தில் எளிய குடும்பங்களைச் சேர்ந்த சாரணச் சிறுவர்கள், 1912 ஆகஸ்ட் மாத விடுமுறையில், தலைவர்களோடு பழைய கடற்படைப் படகொன்றிலே தேம்ஸ் நதி வழியாகப் பாசறைக்குப் புறப்பட்டனர். போக வேண்டிய இடம் ஆற்று முகத்திலுள்ள ஷெப்பித் தீவின் லேஸ்டவுன் கரை. ஆகஸ்ட் 4 ஆம் நாள் கரையை அணுகும் வேளையிலே திடீரெனச் சுழல்காற்று வீசிப் படகு கவிழ்ந்தது. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு கிடந்தோரைக் கரைகாவலர் விரைந்து சென்று மீட்டனர். ஒன்பது சிறுவர் மாண்டனர். அவருள் எண்மர் சாரணர், ஒருவன் பயிற்சிக் கப்பலொன்றைச் சேர்ந்தவன். அக் காலத்தில் கடற்படை அமைச்சராயிருந்த வின்ஸ்ரன் சேர்ச்சில் அனுப்பிய போர்க்கப்பல் ஒன்று உடல்களை இலண்டனுக்குக் கொண்டு வந்தது. நண்ஹெட் இடுகாட்டில் அவர்களை அடக்கம் செய்தனர்.

கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலே நேர்ந்த சாவு இது. எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் போய் வரும் எம்மவர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. பிரித்தானியச் சாரணர் விதிகளிலே, உடையோடு 50 யார் தூரம் நீந்த மாட்டாத சிறுவனைப் படகுப் பயிற்சியிற் சேர்க்கலாகாது என்ற கட்டுப்பாடு இடம்பெற்றது. எம் தீவகத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் இவ் விதிக்குத் தேறுவர்? கடலோடு பிறந்தோமென்று பெருமை பேசும் நாம், நீந்தத் தெரியாத பிள்ளைகளையும் நிறைந்த படகில் ஏற்றுகிறோம். உயிர்காப்பு அங்கியைக் கொடுத்தால் புழுக்கமென்று கழற்றி மடியில் வைத்திருப்பதையும் பார்த்துச் சும்மா இருக்கிறோம்.

1914 இல் மூண்ட முதல் உலகப் போர் இளந் தலைவர் பலரைக் கொன்றொழித்தது. போர் முடிந்தபின் தலைவர்களைப் பயிற்றுவதே முதல் வேலையென்று பேடன் பவல் கருதினார். மக்ளாரன் என்ற செல்வர் 7,000 பவுண் கொடுத்து இலண்டனுக்கு அருகில், எப்பிங் காட்டின் ஓரத்தில், கில்வெல் என்னும் நிலத்தை வாங்கி உதவினார். 1919 ஜூலையில் அது திறக்கப்பட்டது. செப்டம்பரில் முதலாவது பயிற்சிப் பாசறை நடந்தது. கற்க வந்தோர் 19 பேர். வளர்ந்த மனிதர், குடும்பத்தவர், உத்தியோகத்தர். அவர்களையும் பிரௌன்சிச் சிறுவரைப் போலவே அணிகளாகப் பிரித்தனர். தாமே விறகு பிளந்து, தாமே சமைத்து, தாமே கூடாரம் அடித்து, முறைவைத்து ஒருவர்க்கொருவர் தலைமை தாங்கினர். தலைமை தாங்குவதைச் சொற்பொழிவால் கற்பிக்கலாமென்று அவர் நம்பவில்லை. மழையில் நனைந்த விறகை மூட்டத் தெரியாமல் ஒரு வேளை பட்டினி கிடந்த தலைவன், அடுத்த முறை சிறுவரை அழைத்துச் செல்லும்போது உலர்ந்த விறகை ஒதுக்கி வைப்பான் அல்லவா?

பயிற்சி முடித்தவர்க்குச் சான்றிதழோடு கழுத்திலே தோலிற் கோத்த இரு மரக் குற்றிகளைக் கொடுத்தனர். அவை 1888 இல் சூலு நாட்டிலிருந்து அவர் கொண்டு வந்த, அரசன் தினிசூலுவுடையதென்று சொல்லப்பட்ட, ஒரு மாலையினின்று எடுத்தவை. பிற்காலத்தில் அவை போலச் செய்து வழங்கினர். எங்கள் பாடசாலைச் சாரண ஆசிரியர் சிலர் இத்தகைய குற்றிகளை அணிவதைக் கண்ட சிறுவர், அதுவும் ஒருவகை உருத்திராக்கமோ என்று கேட்டதுண்டு. கேள்வி அத்துணைப் பிழையன்று. இரண்டும் விரதம் பூண்டவர் அணிவன.

இந்தியச் சிறுவரைத் தொடக்கத்தில் இவ்வியக்கம் சேர்க்கவில்லை என்பது கசப்பான உண்மை. அதனால் அன்னி பெசன்ட் அம்மையார் 1917 இல் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டார். வடநாட்டில் மதன் மோகன் மாளவியா முதலியோர் சேவா சமிதிச் சாரணரைத் தோற்றுவித்தனர். 1921 இல் பேடன் பவல் மனைவியாரோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். அப்போது அம்மையாரின் சங்கம் அவரது இயக்கத்தோடு இணைந்தது. அடைத்த கதவைத் திறந்தது நன்று, அடைத்திருந்ததை மறப்பதற்கில்லை. 1937 இல் மறுபடி இந்தியா வந்து சென்றபோது இந்தியரின் ஒழுக்கத்தைக் குறித்து அவர் வெளியிட்ட கருத்து நாட்டினரைப் புண்படுத்திற்று. பலர் பிரிந்து வேறு சங்கம் அமைத்தனர். ஆளும் இனத்தவரென்ற எண்ணம் அவரை முற்றாக விட்டதென்று எம்மாற் சொல்ல முடியவில்லை. ஆயினும் மீகாமனின் குணத்தை வெறுப்பதற்காகச் சுக்கானை எறிந்துவிடுவாருமில்லை.

நெடுந்தீவு நிகழ்ச்சிக்குப் பின் எம் பயணங்களை அவர் வழியிலே ஒழுங்கு செய்தோம். அறுவர்க்கு ஒரு தலைவன். அவனும் பிள்ளைகளுள் ஒருவனே. ஒவ்வோர் அணிக்கும் கையில் ஒரு நிறத் துணி. புறப்படுவதற்கு முந்திய வாரம் பொறுப்பாளர் இருவர் தனியே சென்று நிழல் எங்கே, நல்ல தண்ணீர் எங்கே, மருந்து எங்கே கிடைக்கும், கடைசிப் படகு எப்போது என்று பார்த்து வருவர். காற்றைப் பற்றி ஓட்டியின் சொல்லே முடிவு. சங்கத் தலைவரின் சொல் அன்று. சோழகம் பலத்த ஒரு நாள் குறிகட்டுவான் வரை போய், கட்டுச்சோற்றை அங்கேயே பிரித்து உண்டுவிட்டுத் திரும்பியதும் உண்டு. பிள்ளைகள் முகம் வாடினர். ஒரு பெரியவர் எம்மைப் பயந்தாங்கொள்ளிகள் என்றார். ஏற்றுக்கொண்டோம்.

பேடன் பவல் 1938 இல் கெனியா நாட்டின் நையேரி என்னும் மலையூருக்குச் சென்று சிறு வீடொன்றில் வாழ்ந்தார். 1941 ஜனவரி 8 ஆம் நாள், 83 ஆம் வயதில், அங்கேயே காலமானார். அவர் கல்லறையிலே ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் செதுக்கப்பட்டுள்ளன. சாரணர் காட்டு வழியிலே பின்வருவோர்க்கென மண்ணில் கீறிவிட்டுப் போகும் குறிகளுள் அது ஒன்று. முன்சென்றவர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைத் தேடித் திரிய வேண்டாம் என்பது அதன் பொருள்.